புல்ஸா, வாரியர்ஸா? கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்போம்

கடந்த தீபாவளி மாலையில் நடந்தது இது. விருந்தினர் கூட்டம் குறைந்து, முறுக்குத் தட்டும் பாதி காலியாகியிருந்த நேரம். கூடத்தில் மாமாவுக்கும் என் தம்பிக்கும் வாக்குவாதம். அரசியல் இல்லை, சினிமாவும் இல்லை. கூடைப்பந்து.

மாமா 1996இல் படிவம் ஐந்து மாணவர். பள்ளி அணியில் விளையாடிய ஒரே தமிழ்ப் பையன். அவருடைய அறைச் சுவரில் மைக்கல் ஜோர்டன் படம் பல ஆண்டுகள் ஒட்டியிருந்ததாக அம்மா சொல்வார். தம்பி இப்போது படிவம் நான்கு. ஸ்டீபன் கரி எறியும் ஒவ்வொரு பந்தையும் கைப்பேசியில் பார்த்து வளர்ந்தவன்.

“வாரியர்ஸ் 73 ஆட்டம் ஜெயிச்சாங்க மாமா. உங்க புல்ஸ் 72தான். கணக்கு முடிஞ்சது.”

“73 ஜெயிச்சு என்னடா புண்ணியம்? கடைசியில கிண்ணத்த யாரு தூக்கினா?”

“அந்தக் காலத்துல யாருக்கும் தூரத்துல இருந்து போடவே தெரியாது. இப்ப உள்ள அணியோட மோதினா 40 புள்ளியில தோத்துருவாங்க.”

“உங்க காலத்துப் பசங்கள லேசா தொட்டாலே கீழ விழுந்து விசில் கேக்குறாங்க. எங்க காலத்துல ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாங்க.”

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. தம்பி கைப்பேசிக்குள் நுழைந்துகொண்டான். மாமா தேநீரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு, ‘உங்கள் காலம் ஒன்றுமில்லை’ என்று ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டதில் முடிந்தது.

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால், இருவரும் விடை காண முடியாத கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது என் கருத்து.

எண்கள் சொல்வது என்ன?

முதலில் உண்மைகளை வரிசைப்படுத்துவோம். 1995-96 பருவத்தில் சிக்காகோ புல்ஸ் அணி 82 ஆட்டங்களில் 72இல் வென்றது; 10இல் தோற்றது. தொடர்ந்து நடந்த வெளியேற்றச் சுற்றுகளில் 15 வெற்றி, 3 தோல்வி. இறுதிச்சுற்றில் சியாட்டல் சூப்பர்சோனிக்ஸ் அணியை 4-2 என வீழ்த்திக் கிண்ணத்தை வென்றது. ஜோர்டன், ஸ்காட்டி பிப்பன், டென்னிஸ் ரோட்மன் ஆகிய மூவரும் அந்தப் பருவத்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கான முதல் ஐவர் பட்டியலில் இடம்பெற்றார்கள். ஓர் அணியிலிருந்தே மூன்று பேர்!

20 ஆண்டுகள் கழித்து, 2015-16இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அந்தச் சாதனையை முறியடித்தது. பருவத்தின் முதல் 24 ஆட்டங்களிலும் தொடர் வெற்றி. முடிவில் 73 வெற்றி, 9 தோல்வி. ஆனால், இறுதிச்சுற்றில் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணியை 3-1 என முந்தியிருந்த நிலையில், அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. என்பிஏ இறுதிச்சுற்று வரலாற்றில் அப்படிப்பட்ட பின்னடைவிலிருந்து மீண்டு வென்ற முதல் அணி கேவலியர்ஸ்தான். ஏழாவது ஆட்டத்தின் முடிவு 93-89.

எல்லா ஆட்டங்களையும் சேர்த்துக் கூட்டினால், புல்ஸ் 87 வெற்றி, 13 தோல்வி. வாரியர்ஸ் 88 வெற்றி, 18 தோல்வி. ஆக, தம்பி சொன்ன ‘கணக்கு முடிஞ்சது’ என்பது அவ்வளவு எளிதில் முடிகிற கணக்கல்ல.

விதி மாறினால் ஆட்டமே வேறு

‘இரண்டு அணியும் மோதினால் யார் வெல்வார்கள்?’ என்று கேட்கும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். எந்த விதியின் கீழ் மோதுவார்கள்?

கூடைப்பந்து ஒரே ஆட்டம் போலத் தெரிந்தாலும் அதன் விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1950இல் நடந்த ஓர் என்பிஏ ஆட்டம் 19-18 என்ற கணக்கில் முடிந்தது. முன்னிலையில் உள்ள அணி பந்தைக் கையிலேயே வைத்து நேரத்தை ஓட்டலாம் என்ற நிலை அப்போது இருந்தது. அதனால்தான் 1954-55 பருவத்தில் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி வந்தது. மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80 பருவத்தில். அந்த ஆண்டில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூடக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியவில்லை. 2015-16இல் அது 24ஐத் தாண்டியது. 2024-25இல் 37ஐயும் தாண்டிவிட்டது.

புல்ஸ் ஆடிய 1995-96இல் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1994 முதல் 1997 வரை மூன்று பருவங்களுக்கு மட்டும் மூன்று புள்ளிக் கோட்டை 22 அடிக்கு நெருக்கி வரைந்திருந்தார்கள். நடுப்பகுதியில் இன்றுள்ள தூரம் 23 அடி 9 அங்குலம். மறுபக்கம், பந்துடன் வருபவரைக் கையால் அழுத்தித் தடுப்பதற்கு அன்றைய நடுவர்கள் இன்றைவிட அதிகம் இடம் கொடுத்தார்கள். 2004-05 பருவத்திலிருந்து அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதேபோல, ஆளைக் குறிவைக்காமல் இடத்தைக் காக்கும் தற்காப்பு முறைக்கு 2001-02இல்தான் அனுமதி கிடைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1996 விதிகளில் ஆடினால், கரி ஓடும் வழியெல்லாம் பிப்பனின் கை அவர் இடுப்பில் இருக்கும். 2016 விதிகளில் ஆடினால், அதே பிப்பன் முதல் கால் பகுதியிலேயே தவறுகளைச் சேர்த்துக்கொண்டு இருக்கையில் அமர வேண்டியிருக்கும். மாமா மனத்தில் ஓடியது 1996 விதிப்புத்தகம். தம்பி மனத்தில் ஓடியது 2016 விதிப்புத்தகம். அவரவர் ஆட்டத்தில் அவரவர் அணி வென்றது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

மாமாவின் தேர்வுத்தாள்

அப்படியென்றால் ஒப்பிடவே முடியாதா? முடியும் என்பது என் எண்ணம். அதற்கு நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது.

மாமா 1996இல் எழுதிய எஸ்பிஎம் கணிதத் தாளையும் தம்பி அடுத்த ஆண்டு எழுதப் போகும் தாளையும் அருகருகே வைத்து, ‘யார் அதிக மதிப்பெண்?’ என்று கேட்டால் அது நியாயமா? பாடத்திட்டம் வேறு, கேள்வி அமைப்பு வேறு, தரம் பிரிக்கும் முறையும் வேறு. தம்பிக்கு இணையத்தில் ஆயிரம் விளக்கக் காணொளிகள் இருக்கின்றன. மாமாவுக்கு இருந்தது ஒரு பயிற்சி நூலும் ஓர் ஆசிரியரும். ஆனால், ஒன்றைக் கேட்கலாம்: அதே தாளை எழுதிய அதே ஆண்டு மாணவர்களைவிட இவர் எவ்வளவு முன்னே நின்றார்?

அணிகளையும் அப்படி அளக்கலாம். ஓர் அணி சராசரியாக எடுத்த புள்ளிகளையும் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகளையும் ஒப்பிட்டால் போதும்.

தொடர்ச்சியாக 33 ஆட்டங்களில் வென்று இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை படைத்தது 1971-72 லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். அந்த அணி சராசரியாக 121.0 எடுத்தது, 108.7 கொடுத்தது. புல்ஸ் 105.2 எடுத்தது, 92.9 கொடுத்தது. 2015-16 வாரியர்ஸ் 114.9 எடுத்தது, 104.1 கொடுத்தது. 2024-25இல் கிண்ணம் வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டர் 120.5 எடுத்தது, 107.6 கொடுத்தது.

வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் தண்டர் அணிக்குத்தான் முதலிடம். ஏறக்குறைய 12.9 புள்ளி, என்பிஏ வரலாற்றிலேயே அதுதான் அதிகம். லேக்கர்ஸும் புல்ஸும் 12.3. ஆனால், 120 புள்ளி எடுக்கும் காலத்தில் 12 புள்ளி வித்தியாசமும், 100 புள்ளி எடுப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில் 12 புள்ளி வித்தியாசமும் ஒன்றாகாது. எடுத்ததைக் கொடுத்ததால் வகுத்துப் பாருங்கள். கணக்கியைத் திறந்தால் ஒரு நிமிட வேலை. லேக்கர்ஸ் தன் எதிரிகளைவிட 11.3 விழுக்காடு அதிகம் எடுத்தது. வாரியர்ஸ் 10.4 விழுக்காடு. தண்டர் 12.0 விழுக்காடு. புல்ஸ் 13.2 விழுக்காடு.

இந்த நால்வரில், தன் காலத்தவரைவிட மிகத் தொலைவில் முன்னே நின்றது புல்ஸ்தான். மாமா இதைப் படித்தால் மகிழ்ச்சியில் இன்னொரு குவளை தேநீர் கேட்பார். கொஞ்சம் பொறுங்கள், மாமா.

வகுப்பே எளிதாக இருந்தால்?

இந்த அளவுகோலிலும் ஓட்டை உண்டு. பலவீனமான வகுப்பில் முதல் மாணவனாக வருவது எளிது. 1995-96இல்தான் டொராண்டோ ராப்டர்ஸ், வேன்கூவர் கிரிஸ்லிஸ் என்ற இரண்டு புதிய அணிகள் சேர்ந்தன. அணிகள் 27லிருந்து 29 ஆகின. திறமையாளர்கள் அதிக அணிகளில் பரவியதால் பலவீனமான எதிரணிகள் கூடின என்பது தம்பி தரப்பு வைக்கக்கூடிய வலுவான வாதம். புல்ஸ் தோற்ற அந்த 10 ஆட்டங்களில் ஒன்று புத்தம் புதிய ராப்டர்ஸிடம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இன்றைய லீக்கில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்கள் குவிகிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும் 100க்கும் மேல். 2019 முதல் 2025 வரை பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்ற அனைவரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். இன்றைய வகுப்பு பெரிய வகுப்பு; போட்டியும் கடுமை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுத்தால் பில் ரசலின் போஸ்டன் செல்டிக்ஸைக் குப்பையில் போட வேண்டிவரும். 1957 முதல் 1969 வரையிலான 13 பருவங்களில் அந்த அணி 11 முறை கிண்ணம் வென்றது. அதில் 8 தொடர்ச்சியாக. ‘அப்போது லீக்கில் எட்டு ஒன்பது அணிகள்தானே?’ என்பார்கள். உண்மைதான். ஆனால், எட்டே அணிகள் என்றால் ஒவ்வோர் அணியிலும் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள். வில்ட் சேம்பர்லின் போன்ற ஒரு மலையை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அல்ல, பத்து முறைக்கு மேல் ரசல் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

ரசலின் பெருமைக்குரிய ஆயுதம், எதிரியின் எறிதலைத் தடுப்பது. அதில் அவருடைய எண்ணிக்கை என்ன தெரியுமா? யாருக்கும் தெரியாது. தடுப்புகளை என்பிஏ அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74இல். ரசல் ஓய்வு பெற்றது 1969இல். எண் இல்லாததால் திறமை இல்லாமல் போய்விடுமா?

இன்னொன்று. 1961இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு உணவு பரிமாற மறுத்தார்கள். ரசலும் சக கறுப்பின ஆட்டக்காரர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தைப் புறக்கணித்து ஊர் திரும்பினார்கள். சாப்பிடுவதற்கே போராட வேண்டியிருந்த ஒரு காலத்தில் அவர்கள் கிண்ணங்களை அடுக்கினார்கள். பின்னர் 1966இல் ரசல் என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்தபடியே மேலும் இரண்டு முறை வென்றார். கால இயந்திரத்தில் ஏற்றி ஒப்பிடுபவர்கள் ஆட்டக்காரரின் உடம்பை மட்டும்தான் ஏற்றுகிறார்கள். அவர் சுமந்த பாரத்தை ஏற்றுவதில்லை.

இரு அணிக்கும் சொந்தக்காரர்

இந்த விவாதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த மனிதர் ஜோர்டனும் அல்ல, கரியும் அல்ல. அவர் பெயர் ஸ்டீவ் கெர்.

1995-96 புல்ஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். அந்தப் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி எறிதல்களில் பாதிக்கு மேல், அதாவது 51.5 விழுக்காடு, கூடைக்குள் விழுந்தன. அதே கெர்தான் 2015-16 வாரியர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர். 72 வென்ற அணியிலும் அவர் இருந்தார். அதை முறியடித்த அணியையும் அவரே வழிநடத்தினார். சிக்காகோவில் பில் ஜேக்சனிடமும் சான் அந்தோனியோவில் கிரெக் போபோவிச்சிடமும் ஆடியபோது கற்றவற்றைக் கலந்துதான், பந்து ஓயாமல் கைமாறும் வாரியர்ஸ் பாணியை அவர் உருவாக்கினார்.

அந்தப் பாணியில் கரி செய்ததைப் பாருங்கள். 2015-16இல் அவர் தனியாக அடித்த மூன்று புள்ளிக் கூடைகள் 402. 1995-96 புல்ஸ் அணி முழுவதும் சேர்ந்து அடித்தவை 544. ஒரு மனிதர் ஏறக்குறைய ஓர் அணியாக மாறியிருக்கிறார்! இன்று நம் தாமான் திடலில் பத்து வயதுப் பையன்கூடக் கோட்டுக்கு வெளியே நின்று எறிகிறான் என்றால், அதில் அந்த வாரியர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, தம்பி கொண்டாடும் ஆட்டத்துக்குள் மாமா கொண்டாடிய ஆட்டம் இருக்கிறது. ‘பழைய அணி இன்று வந்தால் தோற்றுவிடும்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். பேரன் தாத்தாவைவிட உயரமாக இருப்பது இயல்பு. அதைச் சொல்லித் தாத்தாவைக் குள்ளன் என்று கேலி செய்வதுதான் தவறு. அதே போல, தாத்தா நடந்து பள்ளிக்குப் போனார் என்பதற்காகப் பேருந்தில் போகும் பேரனைச் சோம்பேறி என்பதும் தவறு.

என் தீர்ப்பு

கருத்துக் கட்டுரை எழுதிவிட்டு, ‘எல்லாரும் நல்லவர்களே’ என்று நழுவக் கூடாது. எனவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அணியை மதிப்பிட நான் கேட்கும் கேள்விகள் மூன்று. தன் காலத்தவரைவிட அது எவ்வளவு முன்னே நின்றது? தொடங்கிய வேலையை முடித்ததா? தனக்குப் பின் வந்தவர்கள் ஆடும் முறையை மாற்றியதா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து, ஒரே பருவம் என்று பார்த்தால் 1995-96 புல்ஸ்தான் என் தேர்வு. புதிய அணிகள் வந்ததால் கிடைத்த சிறு சலுகையைக் கழித்தாலும் அந்த இடைவெளி பெரியது. வாரியர்ஸின் 73 மகத்தான எண். ஆனால், 3-1 என முந்தியிருந்த இறுதிச்சுற்றைக் கைவிட்டதை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஆண்டு முழுதும் முதலிடம் பெற்றுவிட்டு இறுதித் தேர்வில் கோட்டை விட்ட மாணவனின் கதை அது. மூன்றாவது கேள்விக்கு, சந்தேகமே இல்லாமல் வாரியர்ஸ். நீண்ட காலம் நிலைத்து நின்றதற்கு ரசலின் செல்டிக்ஸ். வேறு அளவுகோலை எடுத்தால் வேறு விடை வரும். உங்கள் அளவுகோல் எது என்பதை முதலில் சொல்லிவிட்டு வாதிடுங்கள். நான் கேட்கத் தயார்.

இது கூடைப்பந்துக்கு மட்டுமல்ல. அந்தக் கால ஆசிரியர், இந்தக் கால ஆசிரியர். அந்தக் காலப் பாட்டு, இந்தக் காலப் பாட்டு. அப்பா வாங்கிய முதல் சம்பளம், அண்ணன் வாங்கிய முதல் சம்பளம் என்று நம் வீடுகளில் ஒப்பீடு நடக்காத நாளில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தேநீரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். விதிப்புத்தகம் எது, வகுப்பு எது, சுமந்த பாரம் எது என்று கேட்டுவிட்டு ஒப்பிட்டால், பேச்சு முடிந்த பிறகும் இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க முடியும்.

இந்தக் கட்டுரைக்காகத் தகவல் திரட்டியபோது, கெரின் கதையைத் தம்பியிடம் சொன்னேன். வெகுநேரம் எதுவும் பேசாமல் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு புலனத்தில் மாமாவுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். புல்ஸ் சட்டையில் இளம் ஸ்டீவ் கெர். கீழே ஒரு வரி: “மாமா, இவரு உங்க ஆளா, எங்க ஆளா?”

மாமாவிடமிருந்து உடனே பதில் வந்தது.

“சனிக்கிழம பந்த எடுத்துக்கிட்டு திடலுக்கு வா. சொல்றேன்.”